புதுப்பித்த ஜாகுவார் மார்க் 2: பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

கேள்வி இது: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு 1962-ஆம் ஆண்டு ஜாகுவார் மார்க் 2, 3.8 லிட்டர் கார் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. ‘முழுமையாகப் புதுப்பித்தது’ என்று விளம்பரம். விலை அதிகம். அதை வாங்கலாமா, இல்லை ஓடாமல் கிடக்கும் ஒரு வண்டியைக் குறைந்த விலைக்கு எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ளலாமா, நேரில் போனால் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்.

புதுப்பித்த வண்டியையே வாங்குங்கள். ஆனால் புதுப்பித்தது பெயின்ட்டையா, தகரத்தையா என்று உறுதியாகத் தெரிந்த பிறகு வாங்குங்கள். இந்தக் காரைப் பொறுத்தவரை பணம் முழுக்கத் தகரத்தில்தான் இருக்கிறது. என்ஜின், தோல், மரம், குரோம் எல்லாம் செலவுதான் என்றாலும், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். துருப்பிடித்த உடலுக்கு அப்படிக் கணக்குப் போட முடியாது. ஓரிடத்தில் வெட்டினால், வெட்டிய இடத்துக்குப் பின்னால் இன்னொரு ஓட்டை தெரியும். ஒரு மார்க் 2-ஐ முழுதாகப் பிரித்து ஒழுங்காகத் திரும்பக் கட்டினால் வேலை நேரம் மட்டும் ஆயிரம் மணியைத் தாண்டுவது சாதாரணம். அதில் பெரும்பகுதி வெல்டிங்குக்கும் பெயின்ட்டுக்கும்தான் போகும். இங்கிலாந்துப் பட்டறைக் கூலியில் அதைப் பெருக்கிப் பாருங்கள். செலவழித்த தொகை விற்கும்போது திரும்பி வருவது அபூர்வம். முதல் முறை செலவு செய்தவர் அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்ட வண்டியை நீங்கள் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். உங்களுக்கே வெல்டிங் தெரியும், இடமும் இருக்கிறது, வருடக்கணக்கில் பொறுமையும் இருக்கிறது என்றால் அது வேறு கதை. அதைச் சேமிப்பு என்று மட்டும் நினைத்து இறங்காதீர்கள்.

இந்த வண்டி ஏன் இன்னும் இவ்வளவு பேரை இழுக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் புரியும்.

மார்க் 2 வெளிவந்தது 1959 அக்டோபரில். அடுத்த மாதமே இங்கிலாந்தில் எம்1 நெடுஞ்சாலையின் முதல் பெரிய பகுதி திறக்கப்பட்டது. அப்போது அதில் வேகக் கட்டுப்பாடு கிடையாது. 3.8 லிட்டர் மார்க் 2 மணிக்கு 125 மைல், அதாவது ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரும் இடம், வால்நட் மர டாஷ்போர்டு, தோல் சீட்டு, அதோடு அந்த வேகம். அந்தக் காலத்தில் அந்த விலைக்கு உலகில் வேறு யாரும் இதைக் கொடுக்கவில்லை. போலீசும் வாங்கினார்கள், போலீசிடமிருந்து தப்பி ஓட வேண்டியவர்களும் இதையே தேடிப் பிடித்தார்கள். பந்தயத்திலும் இது சளைத்ததில்லை. 1963-இல் முதன்முதலாக நடந்த ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை ஜெர்மன்காரரான பீட்டர் நோக்கர் வென்றது 3.8 மார்க் 2-இல்தான்.

அதற்குக் காரணம் பானெட்டுக்குக் கீழே இருக்கும் எக்ஸ்கே என்ஜின். இரண்டாம் உலகப் போரின்போது கவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையில் இரவில் குண்டு விழுந்து தீப்பிடிக்கிறதா என்று காவல் இருந்த நேரங்களில் ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸும் அவருடைய பொறியாளர்கள் ஹெய்ன்ஸ், ஹசன், பெய்லி ஆகியோரும் பேசிப் பேசி உருவாக்கிய என்ஜின் அது. ஆறு சிலிண்டர், அலுமினிய ஹெட், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். 1948-இல் எக்ஸ்கே 120 ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது. அதே என்ஜின் குடும்பம்தான் ல மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை 1951, 1953, 1955, 1956, 1957 என்று ஐந்து முறை வென்றது. பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்கார்ப்பியன் என்ற சின்ன டாங்கியில்கூட இதன் ஒரு வடிவம் ஓடியது. 1990-களின் தொடக்கம் வரை டெய்ம்லர் லிமோசின் காருக்காக இதைத் தயாரித்துக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு நீண்ட ஆயுள் இருந்ததால் இதன் உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. அதனால் என்ஜினை நினைத்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இருப்பதும் அந்தப் பந்தயத்திலிருந்து வந்ததுதான். டன்லப்புடன் சேர்ந்து சி-டைப் பந்தயக் காரில் சோதித்து 1953-இல் வென்றார்கள். சில வருடத்தில் அது வீட்டுக் காருக்கு வந்துவிட்டது. முந்தைய மாடலை இப்போது மார்க் 1 என்கிறார்கள். அதில் பின் சக்கரங்கள் நெருக்கமாக இருந்தன, ஜன்னல் தூண்கள் தடிமனாக இருந்தன. மார்க் 2-இல் பின்புறத்தை அகலப்படுத்தி, தூண்களை மெலிதாக்கிக் கண்ணாடியைப் பெரிதாக்கினார்கள். இந்தக் காரின் அழகில் பாதி, குரோம் பூசிய மெல்லிய சட்டத்துக்குள் நிற்கும் அந்த ஜன்னல்கள்தான்.

சரி, தகரத்துக்கு வருவோம்.

இந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. உடலே சேசிஸ். தரைத்தகடு, பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சில், முன்னால் நீளும் இரண்டு கால்கள், பின்னால் ஸ்பிரிங் உட்காரும் பெட்டிகள் எல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அன்றைக்குத் துருத் தடுப்பு என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பெட்டிகளின் உட்புறம் பெரும்பாலும் வெறும் இரும்பு. பனிக்காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் உள்ளே போனால் உள்ளேயிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே குமிழ் தெரியும்போது உள்ளே தகடு இருக்காது.

முதலில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கு முன்னால், கீழே பாருங்கள். முன் கால்களிலிருந்து ரேடியேட்டர் குறுக்குச் சட்டத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் போகும் தாங்கிகள் இருக்கும். அங்கத்திய மெக்கானிக்குகள் அவற்றைக் காக்கைக் கால் என்பார்கள். சேறு நேராகத் தெறித்துத் தங்கும் இடம் அது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது என்பதால் அரைகுறையாகப் புதுப்பித்தவர்கள் இங்கேதான் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கறுப்புப் பூச்சு கனமாக அப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடுவது மாதிரிதான் அது. நல்ல வேலையாக இருந்தால் தகட்டின் விளிம்பும் வெல்டிங் புள்ளிகளும் பூச்சுக்குக் கீழே தெளிவாகத் தெரியும்.

அடுத்தது சில். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில்லின் கீழ்ப்பாகத்தில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை மெதுவாக நகர்த்துங்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், நல்ல விற்பனையாளர் மறுக்க மாட்டார். காந்தம் பிடித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் திடீரென்று வழுக்கினால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் கவனம்: தொழிற்சாலையிலேயே சில இணைப்புகளை ஈயம் உருக்கி நிரப்பி மழுக்கினார்கள். பழைய முறையில் வேலை செய்தவர்களும் ஈயமே வைத்திருப்பார்கள். அங்கேயும் காந்தம் சற்றுத் தளரும். இரண்டு தகடு சேரும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தளர்ந்தால் பயப்பட வேண்டாம். சில்லின் நடுவிலோ ஜாக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலோ ஒரு சாண் நீளத்துக்குத் தளர்ந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஜாக்கியைப் பற்றிப் பேசும்போதே இன்னொரு சோதனையும் சொல்லிவிடுகிறேன். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. வண்டி தரையில் நிற்கும்போது முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். அப்புறம் ஜாக்கி முனையில் ஒரு பக்கத்தை மெதுவாக உயர்த்தச் சொல்லி அதே இடைவெளியைப் பாருங்கள். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். உடல் உறுதியாக இருந்தால் எதுவும் மாறாது. இடைவெளி மாறி, கதவு பூட்டில் உரச ஆரம்பித்தால் சில்லுக்குள் வலு இல்லை என்று அர்த்தம். பெயின்ட் எவ்வளவு கண்ணாடி மாதிரி மின்னினாலும் பிரயோசனமில்லை. சில் மாற்றும்போது உடலுக்குள் குறுக்குச் சட்டம் வைத்து முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் உடல் தொய்ந்துவிடும். அப்படித் தொய்ந்த உடலில் புதுச் சில்லைப் பற்றவைத்தால் கதவு ஒருநாளும் ஒழுங்காக உட்காராது. அப்புறம் அதை மறைக்கக் கதவு ஓரத்தைப் பட்டியால் சீவிச் சரிசெய்வார்கள். அதனால் நான்கு கதவின் ஓர இடைவெளியும் சீராக இருக்கிறதா என்று பார்ப்பது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்காதீர்கள். வெல்டிங் செய்தவர் எப்படிப்பட்டவர் என்று அதில் தெரிந்துவிடும்.

பின் சீட்டின் அடிப்பாகத்தைக் கழற்றச் சொல்லுங்கள். இந்தக் காரின் பின் லீஃப் ஸ்பிரிங் வழக்கமான முறையில் மாட்டியதில்லை. ஸ்பிரிங்கின் முன்பாதி உடலில் பிடிமானமாக இருக்க, பின்முனை மட்டும் ஆக்சிலைத் தாங்கும். அதனால் பின்பக்கத்துப் பாரம் அனைத்தும் பின் சீட்டுக்குக் கீழே உள்ள பெட்டிகளில் வந்து இறங்குகிறது. அங்கே துரு இருந்தால் ஆபத்து, சரிசெய்யவும் கஷ்டம். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிக் கீழிருந்து டார்ச் அடித்து, ஸ்பிரிங் உட்காரும் தகட்டையும், ஆக்சில் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் கம்பி உடலோடு சேரும் இடத்தையும் பார்த்தே ஆக வேண்டும். லிஃப்ட்டில் ஏற்ற விடமாட்டேன் என்று சொல்பவரிடம் இந்த விலைக்கு வண்டி வாங்காதீர்கள்.

டிக்கியில் தரைப்பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி படுத்திருக்கும் குழி தெரியும். அந்தச் சக்கரத்துக்குள்ளேயே வட்டமான டூல் பெட்டி அடங்கியிருக்கும். ஒவ்வொரு ஸ்பேனரும் தனக்கென்று அச்சில் வெட்டிய இடத்தில் படுத்திருக்கும். முழு டூல் பெட்டி கிடைப்பது அரிது, தனியாக வாங்கினால் விலையும் அதிகம். அதைக் காட்டும்போது மயங்கிவிடாமல் குழியின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமோ, புதிதாக ஒட்டிய தகடோ இருந்தால் டிக்கி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது.

இதையெல்லாம்விடப் பெரிய சாட்சி, வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்கள். ‘முழுமையாகப் புதுப்பித்தது’ என்று சொல்பவரிடம், பெயின்ட் அனைத்தையும் எடுத்து வெறும் இரும்பாக நின்றபோது எடுத்த படங்கள் இருக்க வேண்டும். எந்தத் தகடு வெட்டப்பட்டது, எது புதிதாக வந்தது என்று அதில் தெரிய வேண்டும். படத்தில் இருப்பது இதே வண்டிதானா என்று பாருங்கள். பட்டறை ரசீதுகளைத் தேதிவாரியாக வைத்துப் படியுங்கள். ரசீதில் குரோமும் தோலும் பெயின்ட்டும் பெரிய தொகையாகவும் வெல்டிங் ஒரு வரியாகவும் இருந்தால், உங்களுக்கு விற்கப்படுவது மேக்கப். பதிவு எண்ணைக் கொடுத்தால் அரசு இணையதளத்தில் பழைய எம்ஓடி, அதாவது வருடாந்திரத் தகுதிச் சோதனை முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். ‘சில் அரிப்பு’ என்று ஏதாவது ஒரு வருடம் எழுதியிருந்தால், அதற்கு அடுத்த ரசீதில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். 2018 மே மாதத்திலிருந்து 40 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. அதனால் சமீபத்திய வருடங்களுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். கட்டாயமில்லாதபோதும் தவறாமல் சோதனைக்குக் கொண்டுபோன உரிமையாளர் என்றால் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடும்.

இன்னொரு தாள், ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழ். தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, இந்தச் சேசிஸ் எண்ணோடு எந்த என்ஜின் எண் போனது, முதலில் என்ன நிறம், உள்ளே என்ன தோல், எந்த டீலருக்குப் போனது என்று அதில் வரும். இது உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் நீங்கள் பார்ப்பது 3.8. 2.4 லிட்டர் காராகப் பிறந்து பின்னால் பெரிய என்ஜின் மாட்டிக்கொண்டவை நிறைய ஓடுகின்றன. அப்படி மாட்டியதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் 3.8-ஆகப் பிறந்த வண்டியின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

என்ஜினைப் பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. ஆறிய என்ஜின் எப்படி எழுகிறது என்று பார்க்க வேண்டும். டாஷ்போர்டு நடுவில் உள்ள பொத்தானை அழுத்தினால் சிறிது சுற்றிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, 3,000 சுற்றில் ஆயில் அழுத்தம் 40 என்ற இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். முள் கீழே இருந்தால் உடனே என்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த மீட்டருக்குச் செய்தி அனுப்பும் சென்சார் பொய் சொல்வதில் பேர்போனது. மெக்கானிக்கல் மீட்டர் ஒன்றை மாட்டிச் சரிபார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மேலே கேம் பக்கத்திலிருந்து லேசான டிக் டிக் சத்தம் வந்தால் நல்லதே. முன்பக்கம் கீழிருந்து சங்கிலி சலசலக்கும் சத்தம் வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மேல் சங்கிலியை இழுத்துச் சரிசெய்வது எளிது, கீழ்ச் சங்கிலிக்கு என்ஜினையே இறக்க வேண்டிவரும். பின்பக்கத்தில் ஒன்றிரண்டு சொட்டு ஆயில் சொட்டுவது இந்த என்ஜினின் பிறவிக் குணம். கிராங்க்ஷாஃப்ட் பின்முனையில் கயிறு போன்ற ஒரு சீல் போட்டிருந்தார்கள், அது முழுதாக அடைப்பதில்லை. புதுவகை ரப்பர் சீலுக்கு மாற்றியிருக்கிறேன் என்று விற்பவர் சொன்னால் அதற்கும் ரசீது கேளுங்கள். டிராஃபிக்கில் நின்றால் சூடு ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். பத்து நிமிடம் நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டால் ரேடியேட்டரின் நிலை தெரிந்துவிடும்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் 1962 வண்டிக்கு மாஸ் என்று அழைக்கப்படும் பழைய வகைப் பெட்டிதான் இருக்கும், அது மேனுவலாக இருந்தால். முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, கொஞ்சம் ஊளையிடும், அவசரப்பட்டு மாற்றினால் கடிக்கும். நிதானமாக மாற்றப் பழகிவிட்டால் அதற்கென்று ஒரு சுகம் இருக்கிறது. 1965-இல் எல்லாக் கியருக்கும் சிங்க்ரோ உள்ள பெட்டி வந்தது. ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர், இருந்தால் கண்டிப்பாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் அது இல்லாமல் ஓட்டுவது காதுக்குக் கஷ்டம். போர்க்-வார்னர் ஆட்டோமேட்டிக் வலுவானது, ஆனால் மந்தம். எனக்கு இந்த என்ஜினோடு அதைச் சேர்த்துப் பார்க்கப் பிடிக்காது.

பிரேக் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் நன்றாகப் பிடிக்கும், நின்றுபோன வண்டியில் பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். ஹேண்ட்பிரேக் அந்தக் காலத்திலேயே பலவீனம். சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குங்கள்.

உள்ளே உட்கார்ந்தால் மனம் தடுமாறும். அதனால்தான் இதைக் கடைசியில் பார்க்கச் சொல்கிறேன். ஓட்டுநருக்கு நேராக இரண்டு பெரிய மீட்டர், நடுவில் நான்கு சின்ன மீட்டர், அதற்குக் கீழே வரிசையாகச் சுவிட்சுகள். நடுப்பலகையின் மேல் ஓரத்தில் இரண்டு திருகு இருக்கும். கையாலேயே திருகி விட்டால் பலகை முழுவதும் முன்னால் சாய்ந்து, பின்னால் உள்ள வயரிங்கும் ஃபியூஸும் வெட்டவெளிச்சமாகிவிடும். ரிப்பேர் செய்பவனை நினைத்துச் செய்த ஏற்பாடு. நீங்களும் அதைத் திறந்து பாருங்கள். துணி சுற்றிய புது வயரிங் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா, இல்லை பழைய வயரோடு கண்ட நிறத்தில் ஒட்டுப்போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். இவ்வளவு செலவு செய்து புதுப்பித்ததாகச் சொல்லும் வண்டியில் அந்தப் பலகைக்குப் பின்னால் குப்பையாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத மற்ற இடங்களும் அப்படித்தான் இருக்கும்.

மரவேலையில் நல்ல கைக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். வால்நட் மரத்தாளை ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து சீவி, புத்தகத்தைத் திறந்த மாதிரி இடதும் வலதும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒட்டியிருப்பார்கள். வரி டாஷ்போர்டில் தொடங்கிக் கதவு ஓரப் பட்டைவரை ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறமாக இருந்தால் பல வண்டியிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. பிளாஸ்டிக் போலத் தடிமனாகப் பளபளக்கும் வார்னிஷும் எனக்குப் பிடிக்காது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த பளபளப்பு அதைவிட அடக்கமானது. பழைய தோல் வெடிக்காமல் இருந்தால், சுருக்கம் விழுந்திருந்தாலும், அதை மாற்றாமல் வைத்திருப்பவரை நம்புங்கள். 1966 செப்டம்பருக்குப் பிறகு செலவைக் குறைக்க அம்ப்லா என்ற செயற்கைத் தோலைப் போட்டார்கள். உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்பதால் உண்மையான தோல்தான் இருக்க வேண்டும்.

குரோம் பாகங்களில் பம்பர் இரும்பு, திரும்பப் பூசிவிடலாம். விளக்குக் கூடு, கைப்பிடி போன்றவை துத்தநாகக் கலவை வார்ப்பு. அதில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்துவிட்டால் நன்றாகத் திரும்பப் பூசுவது பெரும்பாடு.

மாற்றங்கள் செய்த வண்டியை வாங்கலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. திரும்பக் கழற்றிப் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றம் எதையும் நான் வரவேற்பேன். எலெக்ட்ரிக் ஃபேன், நல்ல ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், ஐந்து கியர்பெட்டி, பவர் ஸ்டியரிங் எல்லாம் அந்த வகைதான். பவர் இல்லாத ஸ்டியரிங்கில் பார்க்கிங் செய்தால் தோள் வலிக்கும், அதைத் தியாகமாக நினைத்துத் தாங்க வேண்டியதில்லை. உடலையே வெட்டி மாற்றுவது வேறு விஷயம். ஜாகுவாரின் வடிவமைப்புத் தலைவராக இருந்த இயன் கேலம் தன் சொந்த மார்க் 2-ஐ பிரிட்ஜ்நார்த்தில் உள்ள கிளாசிக் மோட்டார் கார்ஸ் பட்டறையில் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டினார். 2014-இல் அது வெளியே வந்தபோது பெரிய பேச்சாக இருந்தது. பம்பரை உடலோடு இழைத்து, 4.3 லிட்டர் எக்ஸ்கே என்ஜின் வைத்த வண்டி அது. அழகாக இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் அது ஒரு வடிவமைப்பாளர் தன் கண்ணை நம்பிச் செய்த காரியம். அதைப் பார்த்து மற்றவர்கள் செய்தவை பெரும்பாலும் சோபிக்கவில்லை. விற்கும்போதும் அப்படிப்பட்ட வண்டிக்கு வாங்குபவர் வட்டம் குறுகிவிடும்.

இன்னொன்று, 3.8-தான் வேண்டும் என்ற பிடிவாதம் தேவையா என்று யோசியுங்கள். 220 குதிரைத்திறன், பின் சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல், இவையெல்லாம் உண்மைதான். அந்தப் பெயருக்காகவே விலையும் ஏறி நிற்கிறது. 3.4-க்கு 210. சாலையில் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது, என்ஜின் இன்னும் வழவழப்பாக ஓடும். ஓவர்டிரைவ் உள்ள நல்ல 3.4 ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். பழைய 2.4-ஐத் தவிர்க்கலாம், 120 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஒன்றரை டன்னை இழுக்கத் திணறும். அதற்குப் பின் 1967-இல் வந்த 240 என்ற மாடல் அதைவிட எவ்வளவோ தேவலாம்.

இதே உடலில் வந்த டெய்ம்லர் 2.5 வி8-ஐ யாரும் முதலில் தேடிப் போவதில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம். 1960-இல் டெய்ம்லர் நிறுவனத்தை ஜாகுவார் வாங்கியபோது, அங்கே எட்வர்ட் டர்னர் வடிவமைத்த சின்ன வி8 என்ஜின் ஒன்று தயாராக இருந்தது. டிரயம்ஃப் மோட்டார் சைக்கிள்களை வடிவமைத்த அதே டர்னர். அந்த என்ஜினை மார்க் 2 உடலில் வைத்து 1962-இல் விற்பனைக்கு விட்டார்கள். 140 குதிரைத்திறன்தான். ஆனால் ஜாகுவார் என்ஜினைவிட எடை குறைவு என்பதால் முன்பக்கம் லேசாகத் திரும்பும், ஓடும்போது சத்தமே தெரியாது. கிரில்லின் மேலே வரிவரியாக அலை வைத்திருப்பதைப் பார்த்து அடையாளம் காணலாம். பெரும்பாலும் நிதானமானவர்கள் வாங்கி நிதானமாக ஓட்டியதால் பந்தய ஆசையில் சீரழிந்தவை குறைவு. உடல் அதேதான், துருவும் அதே இடங்களில்தான், சோதனையும் மேலே சொன்ன அதேதான்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல், பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டது. அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் கெடுக்கும். சூப்பர் என்று விற்கும் இ5-ஐ ஊற்றுங்கள், எரிபொருள் குழாய்களைப் புதுவகையாக மாற்றிவிடுங்கள். துத்தநாகச் சேர்க்கை உள்ள 20டபிள்யூ-50 ஆயிலைப் போட்டு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். அலுமினிய ஹெட் உள்ளே அரிக்காமல் இருக்க ஆண்டிஃப்ரீஸ் கலவை எப்போதும் சரியாக இருக்க வேண்டும், வெறும் தண்ணீர் ஊற்றவே கூடாது. சில் பெட்டிகளுக்குள் மெழுகுப் பூச்சு அடித்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடியுங்கள். உப்புத் தூவிய நாட்களில் வெளியே எடுக்காதீர்கள். மற்ற நாட்களில் எடுத்து ஓட்டுங்கள், நின்றே கிடந்தால் பிரேக்கும் சீல்களும் முதலில் போகும். 40 வருடம் தாண்டிய வண்டி என்று பதிவு செய்தால் சாலை வரி கிடையாது, லண்டனுக்குள் புகைக் கட்டணமும் இல்லை. காப்பீடு எடுக்கும்போது சந்தை விலைக்கு எடுக்காமல், முன்கூட்டியே ஒத்துக்கொண்ட தொகைக்கு எடுங்கள். அந்தத் தொகையை நிரூபிக்க நீங்கள் விற்பவரிடமிருந்து வாங்கிய அந்த வெறும் இரும்புப் படங்களும் ரசீதுகளும்தான் கேட்கப்படும். அதனால் பணம் கைமாறும் முன்பே அவற்றின் பிரதியை வாங்கிவிடுங்கள்.